பெண்களின் சமத்துவம் குற்றத்தைப் பெருக்கியதா? அமெரிக்காவின் ஐம்பது ஆண்டுக் கணக்கு

பெண்கள் படித்து, வேலைக்குப் போய், சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிய பிறகு குற்றச் செயல்களிலும் ஆண்களுக்கு இணையாக வந்துவிட்டார்களே, பெண் விடுதலைக்கு நாம் கொடுக்கும் விலை இதுதானா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கணவனைக் கொன்றதாக ஒரு பெண் கைதாகும் செய்தி வரும்போதெல்லாம் தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை எழும் கேள்விதான் இது. கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. கண்ணில் படும் செய்திகள் அவர்களை அப்படி எண்ண வைக்கின்றன. இதே கேள்வியை 1970களில் அமெரிக்கா கேட்டது. அங்கே கைதுக் கணக்கும் சிறைக் கணக்கும் நெடுங்காலமாகத் தொகுக்கப்படுகின்றன. பாதிக்கப்பட்டவர்களிடம் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கும் 1973 முதல் இருக்கிறது. அதனால் ஊகத்தை ஒதுக்கிவைத்து விடை தேட முடிகிறது.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குச் சமத்துவம் வளர்ந்த அந்தக் காலத்தில், பெண்கள் செய்யும் குற்றங்களிலேயே மிகக் கொடியதாகக் கருதப்படும் கணவன் கொலை பெருமளவு குறைந்தது. பெருகியவை சிறு திருட்டுகளும், பெண்களைக் கைது செய்வதும், சிறையில் அடைப்பதும். இந்தப் பெருக்கத்துக்கு வறுமையும் சட்டத்தின் போக்கும்தான் பெரும்பாலும் காரணம், விடுதலை அல்ல.

இந்த விவாதத்துக்கு வித்திட்டவர்கள் இரண்டு பெண் ஆய்வாளர்கள். ஃப்ரீடா அட்லர், ரீட்டா சைமன் ஆகிய இருவரும் 1975இல் தனித்தனியே நூல்களை வெளியிட்டார்கள். ஆணின் வேலைகளையும் ஆணின் துணிச்சலையும் பெண் தனதாக்கிக்கொள்ளும்போது ஆணின் குற்றங்களும் அவளைத் தொற்றிக்கொள்ளும் என்பது அட்லரின் வாதம். சைமன் இன்னும் நிதானமாகச் சொன்னார்: வங்கியிலும் அலுவலகத்திலும் பணம் கையாளும் இடங்களுக்குப் பெண்கள் வருவதால் கையாடலும் மோசடியும் கூடும், ஆனால் ஒடுக்கப்பட்ட கோபத்தில் நடக்கும் வன்முறை குறையும். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது அட்லரின் வாதத்தைத்தான். சைமனின் இரண்டாவது வாக்கியத்தை ஏறத்தாழ யாரும் கவனிக்கவில்லை. பின்னாளில் மெய்ப்பட்டது அந்த வாக்கியம்தான் என்பதால், அந்தப் புறக்கணிப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அட்லர் காட்டிய எண்கள் உண்மையான எண்கள். 1960க்கும் 1972க்கும் இடையில் கொள்ளைக் குற்றத்தில் கைதான பெண்கள் 277 விழுக்காடு கூடினார்கள், ஆண்கள் 169 விழுக்காடு கூடினார்கள் என்று எஃப்.பி.ஐ. கணக்கைக் கொண்டு அவர் எழுதினார். படித்த எவருக்கும் பெண்கள் ஆண்களை முந்தி ஓடுவதாகத்தான் தோன்றும். ஆனால் விழுக்காடு என்பது எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஓர் ஊரில் 5 பெண்களும் 95 ஆண்களும் கைதாகி, பத்தாண்டு கழித்து 15 பெண்களும் 215 ஆண்களும் கைதானால், பெண்களின் பெருக்கம் 200 விழுக்காடு, ஆண்களின் பெருக்கம் 126 விழுக்காடு. ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 10 பேர், ஆண்கள் 120 பேர். அட்லர் எழுதிய காலத்தில் கொள்ளைக்காகக் கைதான ஒவ்வொரு நூறு பேரிலும் பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை.

டேரல் ஸ்டெஃபன்ஸ்மையர் என்ற சமூகவியலாளர் 1970களின் இறுதியில் இந்தக் கணக்குகளை மறுபடி பிரித்துப் பார்த்தார். பெண்களின் கைது உண்மையிலேயே கூடிய இடம் சிறு திருட்டு. அதிலும் கடைத்திருட்டு, பணமில்லாத கணக்கில் காசோலை எழுதுவது, அரசு உதவித்தொகையில் சிறு ஏமாற்று போன்றவை. அந்தப் பெருக்கமும் பெண்ணுரிமை இயக்கம் வலுப்பெறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் முறை போய், அலமாரியிலிருந்து வாங்குபவரே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட் வந்ததும், அதோடு கடைக் காவலர்கள் வந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். வீட்டுக்குச் சாமான் வாங்குவது பெண்ணின் வேலையாகவே இருந்தது. அவள் திருடியதும் அந்தக் கடையில்தான். பழைய பொறுப்பின் எல்லைக்குள்ளேயே நடந்த இந்தக் குற்றத்தைப் புதிய பெண்ணின் குற்றம் என்று சொல்ல முடியாது.

சைமன் சொன்ன கையாடலுக்கு வருவோம். அமெரிக்காவில் கையாடல் வழக்குகளில் பெண்களின் பங்கு பின்னாளில் ஏறத்தாழப் பாதியை எட்டியது உண்மை. இதைப் பார்த்து, அலுவலகச் சமத்துவம் குற்றச் சமத்துவமாகிவிட்டது என்று சொல்பவர்கள், அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று பார்ப்பதில்லை. குற்றவியல் ஆய்வாளர் கேத்லீன் டேலி 1989இல் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குக் கட்டுகளை ஆராய்ந்தார். வங்கிக் கையாடலில் தண்டிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் கவுண்டரில் பணம் வாங்கிக் கொடுக்கும் டெல்லர்களும் எழுத்தர்களுமே. ஆண்களில் கணிசமானோர் மேலாளர்களும் அதிகாரிகளும். பெண் தனியாகச் செய்தாள், எடுத்த தொகை குறைவு, குடும்பச் செலவைக் காரணமாகச் சொன்னவர்களும் அதிகம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுவதும் பிறர் பணத்தை எண்ணி, மாலையில் கணக்கு நேர் செய்துவிட்டுப் போகும் ஒரு பெண், ஒரு நாள் வைப்புச் சீட்டு ஒன்றைப் பதிவு செய்யாமல் பணத்தைப் பையில் போட்டுக்கொள்கிறாள். மறுமாதம் அதை மறைக்க இன்னொன்று. இத்தகைய திருட்டு அநேகமாகப் பிடிபட்டுவிடும். ஏனென்றால் டெல்லரின் இழுப்பறை ஒவ்வொரு மாலையும் சரிபார்க்கப்படுவது. மேலாளரின் கடன் ஒப்புதலைச் சரிபார்க்க ஆண்டுக்கணக்காகும்.

மேல் மாடியில் பெண்கள் வந்த பிறகாவது நிலைமை மாறியதா? கணக்கு மோசடியால் சரிந்த என்ரான் என்ற பெருநிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பிறகு அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்த 83 பெருநிறுவன மோசடிகளை, அவற்றில் குற்றஞ்சாட்டப்பட்ட 436 பேரை, ஸ்டெஃபன்ஸ்மையர் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துப் பார்த்தது. பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இருந்த பெண்களும் பெரும்பாலும் இரண்டு வழிகளில் உள்ளே வந்திருந்தார்கள்: முக்கியக் குற்றவாளியின் மனைவி அல்லது நெருங்கியவள் என்ற வழி, கணக்குப் புத்தகம் தன் கையில் இருந்ததால் சதிக்குத் தேவைப்பட்டவள் என்ற வழி. கிடைத்த ஆதாயத்திலும் அவர்களுக்குக் குறைந்த பங்குதான்.

இனி கொலை. இந்தக் கேள்விக்கு உயிரான பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மனைவி, முன்னாள் மனைவி, காதலி ஆகியோர் கையால் 1976ஆம் ஆண்டு கொல்லப்பட்ட ஆண்கள் ஏறத்தாழ 1,300 பேர். 2005இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 330. மக்கள்தொகை இடையில் எவ்வளவோ கூடியிருந்தும், நான்கில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. அதே முப்பது ஆண்டுகளில்தான் அமெரிக்கப் பெண்கள் பெருந்திரளாக வேலைக்குப் போனார்கள், கல்லூரிகளில் ஆண்களை முந்தினார்கள், தங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் கடன் அட்டையும் வைத்துக்கொண்டார்கள். அட்லரின் வாதம் சரியாக இருந்திருந்தால் இந்த எண் கூடியிருக்க வேண்டும்.

ஏன் குறைந்தது? கணவனைக் கொன்ற பெண்கள் யார் என்பதை அறிந்தால் காரணம் புரிந்துவிடும். உளவியலாளர் ஏஞ்சலா பிரவுன், தங்களைத் துன்புறுத்திய துணைவரைக் கொன்ற, அல்லது கொல்லும் அளவுக்குத் தாக்கிய 42 பெண்களைச் சந்தித்து 1987இல் எழுதினார். அதே அளவு கொடுமைப்பட்டும் கொல்லாத பெண்களோடு அவர்களை ஒப்பிட்டபோது, பெண்களின் குணத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆண்களின் செயலில்தான் தெரிந்தது. அடி அடிக்கடி விழுந்தது, காயங்கள் கடுமையாக இருந்தன, குடியும் போதையும் கூடுதலாக இருந்தன, கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல் ஓயவில்லை. வெளியேற வழி தெரியாத நிலையில், குழந்தைக்கும் ஆபத்து வந்துவிட்டது என்று அஞ்சிய ஓர் இரவில் அது நடந்தது.

அந்தப் பெண்களுக்கு வெளியேறும் வழி 1970களில்தான் திறக்கத் தொடங்கியது. குற்றச்சாட்டை நிரூபிக்கத் தேவையில்லாத விவாகரத்து 1970 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்து, பிற மாநிலங்களுக்கும் பரவியது. அடிபட்ட பெண்கள் குழந்தைகளோடு வந்து தங்கும் இல்லங்களில் முதன்மையான ஒன்று 1974 வாக்கில் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் திறந்தது. பின்னர் நாடெங்கும் அத்தகைய இல்லங்களும் அவசரத் தொலைபேசி எண்களும் சட்ட உதவியும் வந்தன. இந்த வசதிகள் அதிகமாக இருந்த மாநிலங்களில் பெண்கள் தங்கள் துணைவரைக் கொல்வது குறைவாக இருந்தது என்று பிரவுனும் கிர்க் வில்லியம்ஸும் 1989இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து லாரா டூகனும் அவருடன் ஆய்ந்தவர்களும் நகரங்களை எடுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே முடிவு வந்தது; இளையோரிடையே திருமணங்கள் குறைந்ததும் ஒரு காரணம் என்று சேர்த்துச் சொன்னார்கள்.

பெண்களைக் காப்பதற்காகக் கட்டிய இல்லங்கள் ஆண்களின் உயிரையே அதிகம் காப்பாற்றியிருக்கின்றன. அதே 1976க்கும் 2005க்கும் இடையில் துணைவர் கையால் மாண்ட பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,590இலிருந்து 1,180 வரைதான் இறங்கியது. நான்கில் ஒரு பங்குக் குறைவு மட்டுமே. அவள் போக இடம் கிடைத்ததும் அவனைக் கொல்லாமலே போய்விட்டாள். அவள் போவதைப் பொறுக்காத அவனோ, அவளைத் தேடிப் போய்க் கொன்றான். பிரிந்து செல்லும் காலம்தான் பெண்ணுக்கு மிக ஆபத்தான காலம் என்பது இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. நம் நாளிதழ்களில் வரும் கணவன் கொலைச் செய்திகளைப் படிக்கும்போதும், அந்தப் பெண் விவாகரத்துக் கேட்டிருந்தால் பிறந்த வீடு ஏற்றிருக்குமா என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருப்பதில்லை. கொலையை அது நியாயமாக்காது. அடுத்த கொலையைத் தடுக்க எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதைக் காட்டும்.

அப்படியானால் சிறைகளில் பெண்கள் நிரம்பியது எப்படி? 1980இல் அமெரிக்கச் சிறைகளிலும் உள்ளூர்க் காவல் சிறைகளிலும் இருந்த பெண்கள் ஏறத்தாழ 26,000 பேர். 2019இல் 2,22,000 பேர். எட்டு மடங்குக்கு மேல். இந்த ஒரு கணக்கை மட்டும் பார்ப்பவர் அட்லர் வென்றார் என்றுதான் சொல்வார். ஆனால் அந்தப் பெண்கள் எந்தக் குற்றத்துக்காக உள்ளே போனார்கள் என்று பார்க்க வேண்டும். 1986இல் மாநிலச் சிறைகளில் இருந்த பெண்களில் எட்டில் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் இருந்தார். 1991இல் மூன்றில் ஒருவர். ஐந்தே ஆண்டுகளில் பெண் இனத்தின் குணம் இப்படி மாறிவிடாது. மாறியது 1986ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கொக்கைனைப் புகைக்கும் கட்டியாக்கிய கிராக் ஐந்து கிராமை விற்றாலோ விற்பதற்காக வைத்திருந்தாலோ குறைந்தது ஐந்தாண்டுச் சிறை என்றது அது. அதே தண்டனைக்குத் தூள் கொக்கைன் 500 கிராம் தேவைப்பட்டது. 1988இல் சேர்த்த திருத்தம், சதியில் பங்கு என்று சொல்லப்படும் எவருக்கும் அதே குறைந்தபட்சத் தண்டனையை விரித்தது. விளைவாக, விற்றவனும் அவன் வீட்டுத் தொலைபேசியை எடுத்துப் பேசியவளும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டார்கள்.

கெம்பா ஸ்மித் என்ற பெண்ணின் வழக்கு இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு. வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, போதைப்பொருள் வியாபாரி என்று முதலில் தெரியாமலே ஒருவனோடு பழகினார். அவன் அடித்தான், மிரட்டினான். அவர் போதைப்பொருளை விற்றதில்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் அவன் கொலையுண்ட பின், அவனது கும்பல் விற்ற 255 கிலோ கிராக் முழுவதும் இவர் கணக்கில் எழுதப்பட்டது. முன்பு எந்தக் குற்றமும் செய்திராத, காவலில் இருக்கும்போதே மகனைப் பெற்ற அவருக்கு இருபத்து நான்கரை ஆண்டுச் சிறை. ஆறாண்டுக்கு மேல் சிறையில் கழித்த பிறகு, 2000 டிசம்பரில் அதிபர் கிளின்டன் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். இவரை விடுதலை பெற்ற புதிய பெண் என்று சொல்வதா? ஆணை விட்டு விலக முடியாத மிகப் பழைய நிலையில்தான் அவர் சிக்கியிருந்தார். பெயர் வெளியே தெரியாமல் இதே காரணத்தால் நீண்ட காலம் உள்ளே இருந்த பெண்கள் எத்தனையோ பேர். தண்டனை முடிந்து வந்தவர்களையும் சட்டம் விடவில்லை: போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் உணவு உதவி கிடையாது என்ற விதியை 1996ஆம் ஆண்டின் நலத்திட்டச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலங்கள் விரும்பினால் விலக்கு அளிக்கலாம் என்பதே அதில் இருந்த ஒரே இளக்கம்.

அடிதடி வழக்குகளில் பெண்களின் கைது கூடியதற்குப் பின்னால், நல்ல நோக்கத்தில் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் டாரிங்டன் நகரில் ஒரு பெண் பலமுறை புகார் கொடுத்தும் காவல்துறை அசட்டையாக இருந்ததால் 1983இல் கணவனால் குத்தப்பட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தார். காவல்துறை அவருக்கு 23 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 1985இல் ஜூரி தீர்ப்பளித்தது. அடித்தவனைக் கைது செய்தால் அவன் மறுபடி அடிப்பது குறைகிறது என்ற மினியாபொலிஸ் நகரில் நடந்த சோதனையின் முடிவும் 1984இல் வந்திருந்தது. பல மாநிலங்கள், குடும்ப வன்முறைப் புகார் வந்தால் கைது செய்தே தீர வேண்டும் என்று சட்டம் இயற்றின. நடைமுறையில் என்ன ஆனது? அழைப்பு வந்து காவலர் கதவைத் தட்டும்போது ஆண் அமைதியாகப் பேசுகிறான். அவன் முன்னங்கையில் நகக்கீறல்கள் தெரிகின்றன, ரத்தம் கசிகிறது. பெண் அழுது கத்திக்கொண்டிருக்கிறாள், சொல்வது கோவையாக இல்லை. அவள் கழுத்தை நெரித்த தடம் நாளைக்குத்தான் நீலமாகத் தெரியும். காவலர் கண்ணுக்குப் பட்ட சான்று கீறல்தான். இருவரையும் கைது செய்கிறார், சில நேரம் அவளை மட்டும். தாயும் மகளும் வீட்டில் சண்டையிட்டுக் கொண்டதும் இப்படித்தான் தாக்குதல் வழக்கானது. முன்பு அடங்காத பெண், வீட்டை விட்டு ஓடியவள் என்று எழுதப்பட்ட சிறுமிகள் இப்போது தாக்குதல் குற்றவாளிகள் என்று எழுதப்பட்டதைக் குற்றவியல் ஆய்வாளர் மேடா செஸ்னி-லிண்ட் பல ஆண்டுகள் தொடர்ந்து சுட்டிக்காட்டினார்.

எதிர்த்தரப்பில் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. ஜேனட் லாரிட்சனும் அவருடன் ஆய்ந்தவர்களும், காவல்துறைக் கணக்கை விட்டுப் பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலக் கணக்கைக் கொண்டு பார்த்தபோதும், வன்முறையில் ஆண் பெண் இடைவெளி ஓரளவு சுருங்கியிருப்பதாக 2009இல் எழுதினார்கள். நான் அதை ஏற்கிறேன். ஆனால் சுருங்கியது எப்படி என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்: 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஆண்களின் வன்முறை வேகமாக இறங்கியது, பெண்களுடையது அதைவிட மெதுவாக இறங்கியது. இருவரும் படியிறங்கும்போது, மேல்படியில் நின்றவர் விரைவாக இறங்கினால் இடைவெளி குறையத்தான் செய்யும். கீழ்ப்படியில் நிற்பவர் ஏறிவிட்டார் என்று அதற்குப் பொருள் இல்லை.

விடுதலை வருமுன் பெண்கள் குற்றமற்று இருந்தார்கள் என்ற நம்பிக்கையும் வரலாற்றில் நிற்பதில்லை. லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவுகளில் 1687 முதல் 1912 வரை தேடிய மால்கம் ஃபீலியும் டெபோரா லிட்டிலும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெண்கள் 40 விழுக்காட்டையும் தாண்டியிருந்ததைக் கண்டார்கள். வாக்குரிமையும் சொத்துரிமையும் இல்லாத காலம் அது. கிராமத்திலிருந்து வேலைக்காரியாக லண்டனுக்கு வந்து, வேலை போனதும் எசமானியின் துணியையோ கரண்டியையோ அடகுக்கடைக்குக் கொண்டுபோன பெண்கள் அந்தப் பதிவுகளில் நிறைந்திருக்கிறார்கள். கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் பெறும் பொருளைக் களவாக எடுத்தாலே தூக்கு என்று 1699இல் சட்டம் வந்ததும் அந்த எண்ணிக்கையைக் கூட்டியது. போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனதால் பெண்களின் பங்கு உயர்ந்து தெரிந்தது என்றும், சிறு வழக்குகள் பின்னர் வேறு நீதிமன்றங்களுக்குப் போனதால் குறைந்து தெரிந்தது என்றும் இந்த ஆய்வை விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், பெண் குற்றவாளி என்பவள் 20ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அல்ல என்பது உறுதி.

நண்பரின் கேள்வி நம் நாட்டை மனத்தில் வைத்து எழுந்தது என்பதால் இந்தியாவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் நம் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5,73,000 பேரில் பெண்கள் 23,772 பேர், நூற்றுக்கு நான்கு. பெண்கள் அதிகமாகக் கைதாகும் குற்றங்களில் முக்கியமானது எது என்று பார்த்தால், அது அலுவலக மோசடியும் அல்ல, சங்கிலிப் பறிப்பும் அல்ல. மணமான பெண்ணைக் கணவனும் அவன் உறவினரும் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்க 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 498ஏ பிரிவில் மட்டும் 2012ஆம் ஆண்டு நாடெங்கும் 1,97,762 பேர் கைதானார்கள் என்றும், அவர்களில் 47,951 பேர் பெண்கள் என்றும் 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. கணவனின் தாயும் சகோதரிகளும் தாராளமாகக் கைதுக்குள் கொண்டுவரப்படுவதை இது காட்டுகிறது என்று சொல்லித்தான், காரணம் பதிவு செய்யாமல் தானாகக் கைது செய்யக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த 47,951 பேரில் மருமகளை உண்மையிலேயே வதைத்தவர்கள் எத்தனை பேர், புகாரில் பெயர் சேர்ந்ததால் மட்டும் காவல் நிலையப் படி ஏறியவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு வழக்கையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்படியானாலும் அவர்கள் அந்த வழக்குக்குள் வந்தது மாமியார், நாத்தனார் என்ற உறவின் வழியாக. கூட்டுக் குடும்பத்தில் பெண்ணுக்கு நெடுங்காலமாக நாம் கொடுத்துவைத்திருக்கும் இடங்களின் வழியாக.